கயிறு பிடிக்க மச்சான்... முத்துக்குளித்துறையும் சீனாவும் சொல்லும் குடும்ப இணக்கத்தின் கணக்கு!

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்கிறோம் நாம். ‘வீடு இணங்கினால் எல்லாம் செழிக்கும்’ என்கிறார்கள் சீனர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வீட்டில் எல்லோரும் ஒத்துப்போவதற்கும் நம் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதற்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா? தூத்துக்குடி கடற்கரையும், சீன மரபும், சில ஆய்வுகளும் சேர்ந்து சொல்லும் பதில் சுவாரஸ்யமானது.

மூச்சுக்கு மச்சான்!

முத்துக்குளிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கடலுக்குள், இன்னொருவர் படகில். உள்ளே இறங்குபவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றிக்கொள்வார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். கல் அவரை அடியாழத்துக்குக் கொண்டுபோகும். ‘பார்’ என்று சொல்லப்படும் முத்துப்படுகையில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை எல்லாம் வலைப்பைக்குள் அள்ளிப்போட வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் அந்த நொடியே இழுக்க வேண்டும். அவர் பராக்குப் பார்த்தால், உள்ளே போனவர் பிணமாகத்தான் வருவார்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? முத்துக்குளித்துறை மக்கள் வழிவழியாகச் சொல்லும் பதில்: மச்சான் கையில். அதாவது, மனைவியின் அண்ணன் அல்லது தம்பி.

ஏன் மச்சான்? கூடப்பிறந்த அண்ணன், தம்பி இல்லையா? அதற்கும் விளக்கம் சொல்கிறார்கள். அண்ணன் தம்பி என்றால் பங்காளி. மச்சானுக்கோ, தண்ணீருக்குள் இருப்பவர் தன் அக்காவின், தங்கையின் புருஷன். அவர் மூச்சு நின்றால், தாலி இறங்குவது தன் கூடப்பிறந்தவளின் கழுத்திலிருந்து. தகப்பன் இல்லாமல் நிற்கப்போவது தன்னை ‘மாமா’ என்று கூப்பிடும் பிள்ளைகள். பங்காளிக்குச் சொத்தில் பங்கு. மச்சானுக்குத் துக்கத்தில் பங்கு. அதனால், கயிறு மச்சானிடம்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, முத்துக்குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்க மந்திரம் ஓதுபவர்கள் இருந்ததாகவும், கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாகவும் எழுதியிருக்கிறார். ‘கடல்கட்டி’ என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். ஆக, சுறாவுக்கு மந்திரக்காரர், மூச்சுக்கு மச்சான்!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் மச்சான் உறவு என்றாலே கேலி, கிண்டலோடு கொஞ்சம் உரசலும் இருக்கும். சீர் சரியாக வரவில்லை, கல்யாணத்தில் மரியாதை குறைந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் உறவு அது. ஆனால், விடிந்தால் உங்கள் கயிற்றைப் பிடிக்கப்போகிற ஆளோடு ராத்திரி எவ்வளவு நேரம் சண்டையை இழுத்துக்கொண்டிருக்க முடியும்? குடும்பத்தில் ஒற்றுமை என்பது இந்தக் கரையில் நல்ல குணம் மட்டும் இல்லை. உயிர் காக்கும் ஏற்பாடு.

சீனாவிலும் ஒரு முத்துக்கடல்

இந்த இடத்தில் சீனா எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். முத்து வழியாகத்தான்.

சீனாவின் தென்கோடியில், இன்றைய குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியின் பெய்ஹாய் நகரை ஒட்டிய ஹெபு, நம் கொற்கையைப் போலவே பழைமையான முத்துத்துறை. 1637-ல் சோங் யிங்ஷிங் என்ற அறிஞர் எழுதிய ‘தியன்கோங் கைவு’ என்ற தொழில்நுட்ப நூலில் அங்கே முத்தெடுக்கும் விதம் விவரிக்கப்பட்டிருக்கிறது. முத்தெடுத்தவர்கள், படகையே வீடாகக் கொண்ட கடலோடிச் சமூகத்தினர். இடுப்பில் நீளமான கயிற்றைக் கட்டிக்கொண்டு, கூடையோடு இறங்குவார்கள். கயிறு அசைந்ததும் மேலே இருப்பவர்கள் இழுப்பார்கள். குளிரில் விறைத்து வருபவர் மேல், கொதிநீரில் சூடாக்கிய கம்பளியை உடனே போர்த்துவார்கள். அங்கேயும் கயிறு, அங்கேயும் மேலே காத்திருக்கும் கைகள்.

இரண்டு கரைகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹெயின் கப்பல்கள் தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய காயலுக்கும் வந்து போயின. சீன ஆவணங்கள் அதை ‘ஜியாயிலெ’ என்று குறிக்கின்றன. அதே செங் ஹெ, 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கையின் காலியில் நிறுத்திய கல்வெட்டில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

‘ஜியா ஹெ வான் ஷி ஷிங்’. சீனக் குடும்பங்களில் சுவரில் எழுதி மாட்டிவைக்கும் அளவுக்குப் பிரபலமான பழமொழி இது. வீடு இணங்கியிருந்தால், ஆயிரமாயிரம் காரியங்களும் செழிக்கும் என்று பொருள். புதுவருட வாழ்த்திலும் இருக்கும், கடைக் கல்லாவுக்குப் பின்னாலும் தொங்கும்.

இதிலுள்ள ‘ஹெ’ என்பதுதான் இணக்கம். அந்த எழுத்தின் ஒரு பாதி தானியம், மறுபாதி வாய். ‘ஜியா’ என்றால் வீடு. கூரைக்கு அடியில் ஒரு பன்றி நிற்பது போன்ற எழுத்து. வீட்டில் கால்நடை இருந்தால்தான் அது குடும்பம் என்ற பழைய கணக்கு அதில் தெரிகிறது. நிம்மதியைக் குறிக்கும் ‘ஆன்’ என்ற எழுத்தில் கூரைக்கு அடியில் இருப்பது ஒரு பெண். அந்த நிம்மதிக்கு அவள் கொடுத்த விலை என்ன என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிப் பார்ப்போம்.

கன்பூசியஸ் மரபு, மனித உறவுகளை ஐந்தாகப் பிரிக்கிறது. அவற்றில் மூன்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன: பெற்றவர்-பிள்ளை, கணவன்-மனைவி, அண்ணன்-தம்பி. மீதி இரண்டு, அரசன்-குடி உறவும் நட்பும். தன்னைச் சீர்படுத்தினால் குடும்பம் சீராகும், குடும்பம் சீரானால் நாடு சீராகும் என்பது அந்த மரபின் அடிப்படை.

சீனாவின் பாரம்பர்ய மருத்துவமும் இதே தடத்தில்தான் போகிறது. கோபம் கல்லீரலைப் பாதிக்கும், ஓயாத யோசனை மண்ணீரலை, துக்கம் நுரையீரலை, பயம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது அதன் கணக்கு. நவீன மருத்துவம் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும், ‘அவன் பேசின பேச்சுல வயிறே எரியுது’ என்று நம் வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. மனசுத் தகராறு உடம்பில் இறங்கும் என்பதை இரண்டு ஊர் மக்களும் அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இணக்கத்தை அளக்க முடியுமா?

1997-ல் வர்ஜீனியா குவான், மைக்கேல் பாண்ட், தியடோர் சிங்கலிஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், ஹாங்காங் மற்றும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வாழ்க்கையில் திருப்தி தருவது எது? தன்னைப் பற்றிய மதிப்பா, உறவுகளில் உள்ள இணக்கமா? இரண்டுமே முக்கியம் என்று வந்தது. ஆனால், அமெரிக்கர்களுக்குச் சுயமதிப்பின் பக்கம் தராசு நன்றாகச் சாய்ந்தது. ஹாங்காங் மாணவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. உறவு இணக்கத்தின் எடை கூடியிருந்தது.

பத்து வருடம் கழித்து, 2007-ல் ஹாங்காங் ஜாக்கி கிளப் அறக்கட்டளையும் ஹாங்காங் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியும் சேர்ந்து குடும்பங்களுக்காகவே ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கின. அது முன்வைத்த மூன்று வார்த்தைகள்: ஆரோக்கியம், மகிழ்ச்சி, இணக்கம். மூன்றையும் ஒன்றோடு ஒன்று பின்னிய இழைகளாகப் பார்த்தார்கள். 2016-ல் அங்குள்ள ஆய்வாளர்கள், குடும்ப இணக்கத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் அளவுகோலையே வெளியிட்டார்கள். சீனக் குடும்பங்கள் ‘இணக்கம்’ என்று எதைச் சொல்கின்றன என்று பார்த்து உருவாக்கிய அளவுகோல் அது. அதில் ஐந்து அம்சங்கள். நம் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

1. பேச்சு: மனதில் உள்ளதைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்களா?

2. சண்டை தீரும் விதம்: தகராறு வராத வீடு கிடையாது. வந்தால் எப்படி முடிகிறது என்பதுதான் கேள்வி. பேசித் தீர்கிறதா, மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இழுக்கிறதா?

3. பொறுத்துப்போதல்: எல்லோருமே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்களா, ஒருவர் மட்டும்தானா?

4. ‘நம்ம குடும்பம்’ என்ற உணர்வு: ஒருவருக்குக் கஷ்டம் என்றால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்ற நம்பிக்கை.

5. சேர்ந்திருக்கும் நேரம்: ஒரே வீட்டில் இருப்பது வேறு, சேர்ந்து இருப்பது வேறு. நான்கு பேரும் நான்கு மூலையில் மொபைலோடு உட்கார்ந்திருந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

முத்துப் படகில் இந்த ஐந்தும் ஒரே கயிற்றில் இருந்தன. கயிற்றின் அசைவு, பேச்சு. இழுக்கும் கை, பொறுப்பு. மற்றதெல்லாம் முந்தின இரவே வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலை.

புண் ஆறும் கதை

உடம்பு இதற்கு நேரடி சாட்சி சொல்கிறதா? சொல்கிறது. 2005-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்த ஆய்வு மிகவும் பிரபலம். 42 தம்பதிகளின் கையில் சிறிய கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தைக் கவனித்தார்கள். ஒரு முறை தம்பதி ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேச வேண்டும். இன்னொரு முறை, தங்களுக்குள் தகராறான விஷயத்தைப் பேச வேண்டும். தகராறு பேசிய பிறகு புண் ஆற அதிக நாள் ஆனது. எப்போதும் கடுமையாகப் பேசிக்கொள்ளும் தம்பதிகளின் புண் ஆறும் வேகம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 60 சதவிகிதம்தான். ‘சொல்லடி பட்ட புண்’ என்பது உவமை மட்டும் இல்லை போலிருக்கிறது!

1938-ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நீண்டகால ஆய்வும் இதையே சொல்கிறது. நல்ல உறவுகளோடு இருப்பவர்கள் அதிக ஆரோக்கியத்தோடும் சந்தோஷத்தோடும் முதுமையை எட்டுகிறார்கள்.

நூறு முறை எழுதிய ஒரே எழுத்து

ஆனால், இணக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வதும் ஆரோக்கியமா? இங்கேதான் சீன மரபின் புகழ்பெற்ற கதை ஒன்று உதவுகிறது.

7-ஆம் நூற்றாண்டு. ஜாங் கோங்யி என்பவரின் வீட்டில் ஒன்பது தலைமுறைகள் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துவந்தன. தாய் மலைக்குப் பயணம் போன டாங் பேரரசர் காவோசோங், வழியில் அவர் வீட்டுக்கே போனார். ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று கேட்டார். ஜாங் வாய் திறக்கவில்லை. காகிதமும் தூரிகையும் வாங்கி, ஒரே எழுத்தை நூறு முறைக்கு மேல் எழுதிக் கொடுத்தார். ‘ரென்.’ பொறுமை. பேரரசர் நெகிழ்ந்துபோய் பட்டுத் துணிகளைப் பரிசளித்தாராம்.

அந்த ‘ரென்’ எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலே கத்தியின் முனை, கீழே இதயம்.

ஜாங் வீட்டில் அந்த நூறு கத்திமுனைகளையும் யார் யார் தாங்கினார்கள் என்று கதை சொல்வதில்லை. ஆனால், நம் வீடுகளைப் பார்த்தால் ஊகிக்கலாம். ‘விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை’ என்று சொல்லும்போது, பெரும்பாலும் அது மருமகளைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. மாமியார் பொறுத்தார், மருமகள் பொறுக்கிறாள், நாளை மகள் பொறுப்பாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒற்றுமையான குடும்பம். உள்ளே ஒருவர் தூக்கம் கெட்டு, தலைவலி மாத்திரையோடு நாளை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஹாங்காங் அளவுகோலில் பொறுத்துப்போதலுக்கு இடம் உண்டு. ஆனால், அது ஐந்தில் ஒன்று. பேச்சும், சண்டையைத் தீர்க்கும் விதமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பேச்சு இல்லாத பொறுமை, அசையாத கயிறு மாதிரி. கயிறு அசையவில்லை என்றால் உள்ளே எல்லாம் நலம் என்று அர்த்தம் இல்லை. அசைக்க முடியாத நிலையிலும் ஆள் இருக்கலாம்.

அடி, உதை, வரதட்சணைக் கொடுமை போன்றவை பொறுத்துப்போக வேண்டிய பட்டியலில் எப்போதும் வராது. அதற்காகத்தான் 2005-ல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது.

சைன் ஆஃப் ஆகும் நாள்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி, தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். ஆனாலும் சந்தையைப் பிடித்தது, குளம் குட்டைகளில் நன்னீர் முத்து வளர்க்கும் சீனாதான்.

சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. இந்தக் கரையின் சங்குதான் நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது. இப்போது படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்தபடி, கடலடியில் அதிக நேரம் இருக்கிறார்கள். ஆபத்தும் அதிகம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோய்விடும். கயிற்றின் இடத்தில் குழாய் வந்திருக்கிறது. படகில் இருப்பவரின் கவனம் மட்டும் அன்று போலவே இன்றும் தேவை.

இன்னொரு பக்கம், முத்துக்குளித்துறை ஊர்களின் பிள்ளைகள் பலர் தோணியிலும் கப்பலிலும் வேலைக்குப் போகிறார்கள். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் போனால் வாரக்கணக்கு. சரக்குக் கப்பலில் போனால் மாதக்கணக்கு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஒரு மாலுமியைத் தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகத்தான் கப்பலில் வைத்திருக்க முடியும். இந்தியா 2015-ல் அதை ஏற்றது. ஆனால், 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் மாலுமிகள், ஒப்பந்தம் முடிந்தும் ‘சைன் ஆஃப்’ ஆக முடியாமல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். இந்தியர்களும் சீனர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். கரையில் குழந்தை பிறந்தது, அப்பா இறந்தார், தங்கைக்குக் கல்யாணம் ஆனது, எல்லாம் போனில்தான்.

தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இணக்கம் எப்படி வரும்? சீனர்கள் இதற்கு ஒரு நாளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். வசந்த விழா எனும் சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, குடும்பம் முழுக்க ஒரே மேஜையில் சாப்பிட்டாக வேண்டும். அதற்காக வேலை பார்க்கும் நகரத்திலிருந்து ஊருக்குக் கோடிக்கணக்கானவர்கள் கிளம்புவார்கள். 40 நாள் நீளும் அந்தப் போக்குவரத்துக்கு ‘சுன் யுன்’ என்றே பெயர். ஒன்றுகூடலுக்கான ‘டுவான் யுவான்’ என்ற சொல்லில் ‘யுவான்’ என்றால் வட்டம். அதனால்தான் மேஜையும் வட்டம். வட்டத்தில் தலைமாடு, கால்மாடு கிடையாது. எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்.

தூத்துக்குடிக்கு அந்த வட்டம் பனிமய மாதா திருவிழா. ஜூலை 26-ல் கொடி ஏறி ஆகஸ்ட் 5-ல் நிறைவடையும் நாள்களில் ஊரே வீடு திரும்பும். மாதா சுரூபம் இங்கே வந்தது 1555-ல். முதல் கோயில் எழுந்தது 1582-ல். அந்த நாள்களுக்காக லீவைச் சேர்த்துவைக்கும் மாலுமிகள் உண்டு. பிரிந்து கிடந்த பங்காளிகள் ஒரே பந்தியில் உட்காரும் நாள்களும் அவைதான். பக்தி ஒரு பக்கம். ஹாங்காங் பட்டியலின் நான்காவது, ஐந்தாவது அம்சங்களும் அங்கே சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன.

மச்சானே இல்லாத தலைமுறை

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இனிமேல்தான் வருகிறது. மச்சான் கயிறு பிடிக்க வேண்டும் என்றால், மனைவிக்குக் கூடப்பிறந்தவன் இருக்க வேண்டும் அல்லவா?

சீனாவில் சுமார் 1980 முதல் 2015 வரை ‘ஒரு குழந்தை’ கொள்கை நடைமுறையில் இருந்தது. விளைவை ‘4-2-1’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நான்கு தாத்தா பாட்டிகள், இரண்டு பெற்றோர், எல்லோருக்கும் ஒரே பிள்ளை. இரண்டு தலைமுறை இப்படியே போனால் பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா என்ற சொற்களுக்கே ஆள் இல்லை. ஆறு பேரின் முதுமையும் ஒரே ஒரு தோளில். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்திருத்தம், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறது. பாசத்துக்குச் சட்டம் போட வேண்டிய நிலை. நாம் சிரிப்பதற்கில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-லேயே இங்கேயும் சட்டம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லாமலே ‘ஒன்றே போதும்’ என்று நிறுத்திக்கொண்ட வீடுகள் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு மாமன் மடியில் காதுகுத்து நடத்த மாமன் வேண்டுமே! ஒன்றுவிட்ட உறவுகளும், பக்கத்து வீட்டு அண்ணனும், கல்லூரித் தோழியும் அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கும்.

அதில் தவறும் இல்லை. மச்சானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் நம் வலியில் பங்கு உள்ளவர் என்பதுதான். அப்படிப் பங்கு எடுத்துக்கொள்ளும் யாரும் கயிற்றைப் பிடிக்கலாம். சுய உதவிக் குழுவில் வாரம் ஒருமுறை சந்திக்கும் அக்காக்கள், ஒரே கப்பலில் இருப்பவர்களின் மனைவிகள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குரூப், மாடி வீட்டுத் தாத்தா... எல்லாமே புது மச்சான்கள்தான்.

இன்றிரவே தொடங்கலாம்!

* வாரத்தில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மொபைல் அடுத்த அறையில் இருக்கட்டும்.

* வெளியூரில், கப்பலில் இருப்பவருக்குப் பிரச்னைகளை மட்டும் சொல்ல போன் செய்யாதீர்கள். ‘சாப்பிட்டியாப்பா?’ என்று மட்டும் கேட்டு வைக்கும் அழைப்புக்கும் மதிப்பு உண்டு.

* சண்டை வந்தால் அன்றைக்கே தீராவிட்டாலும், ‘எப்போது பேசலாம்’ என்பதையாவது அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

* வீட்டில் எப்போதும் விட்டுக்கொடுப்பவர் யார் என்று யோசியுங்கள். இந்த முறை அவர் விருப்பப்படி ஒன்று நடக்கட்டும்.

* எப்போதும் கலகலப்பாக இருப்பவர் சில நாள்களாக அமைதியாகிவிட்டால், ‘வேலை டென்ஷனா இருக்கும்’ என்று விட்டுவிடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

* வீட்டுக்குள் பேசித் தீராத மனச்சுமைக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. பெண்களுக்கான உதவி எண் 181. முதியோருக்கான உதவி எண் 14567. இந்த மூன்றையும் இப்போதே மொபைலில் பதிந்துவைத்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், உங்களை நம்பி ஒருநாள் பேச வருபவருக்குத் தேவைப்படலாம்.